மறுக்க இயலாத சம்மதம்: உய்குர் இளம்பெண்களின் ஆலை உழைப்பும் இரு இளையோர் புதினங்களும்

கட்டாய உழைப்பு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன விலங்கும் சவுக்குமே. கப்பலின் அடித்தளத்தில் அடைத்துக் கொண்டுசெல்லப்பட்டவர்கள், கங்காணியின் குரல் கேட்டு நடுங்கியவர்கள் ஆகியோரின் வரலாறு அத்தகைய சித்திரத்தையே நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. ஆனால், எழுதப் படிக்கத் தெரிந்த பதினாறு வயதுப் பெண்ணொருத்தி ஓர் ஒப்பந்தத்தில் தன் பெயரைத் தானே எழுதிக் கையொப்பமிடுகிறாள். பெற்றோரிடம் விடைபெற்று இரயிலேறுகிறாள். தொலைவிலுள்ள ஆலையொன்றில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்து கூலியும் பெறுகிறாள். இதனைக் கட்டாய உழைப்பு என்று கூறலாமா? கூறலாமெனில், கட்டாயம் எங்கே இருக்கிறது? அவளுடைய கையொப்பத்துக்கு என்ன பொருள்?

சீனாவின் வடமேற்கிலுள்ள உய்குர் மக்களைக் குறித்து இன்று உலக மன்றங்களில் நடைபெறும் விவாதம், இறுதியில் இந்த வினாவிலேயே வந்து நிற்கிறது. சட்ட வல்லுநரும் பொருளியலாரும் ஆய்வறிக்கைகளின் வழியாக இதற்கு விடை தேடுகின்றனர். அவர்களுக்கு முன்னரே இவ்வினாவை எடுத்து, இளம் வாசகருக்கு விளங்கும் வகையில் கதையாக்கிய இரு புதினங்கள் உள்ளன. அவற்றை அறிமுகப்படுத்துவதும், அவை எதனைத் தெளிவாகக் காட்டுகின்றன, எதனைக் காட்ட இயலாமல் நிற்கின்றன என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு நூல்கள்

அமெரிக்க எழுத்தாளரான ஜோசான் லா வேலி, உய்குர் மக்கள் வாழும் பகுதிக்குப் பயணம் செய்து வந்தபின் இக்கதைகளை எழுதினார். ‘தி வைன் பாஸ்கெட்’ (கொடிக் கூடை) என்னும் முதல் நூல் 2013-இலும், ‘ஃபேக்டரி கேர்ள்’ (ஆலைப் பெண்) என்னும் இரண்டாம் நூல் 2017-இலும் வெளிவந்தன. இரண்டும் இளையோர் புதினம் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை நூல்களில் கதைத்தலைவியின் வயது ஏறக்குறைய வாசகரின் வயதாகவே இருக்கும். உலகம் அவளுடைய கண்களின் வழியாகவே காட்டப்படும். அவள் அறியாத அரசியலை ஆசிரியர் இடையில் புகுந்து நெடிதாக விளக்குவதில்லை. இவ்வரம்பே இங்கு ஒரு வலிமையாக அமைந்திருப்பதைப் பின்னர்க் காண்போம்.

முதல் நூலின் தலைவி மெஹ்ரிகுல் பதினான்கு வயதினள். அண்ணன் வீட்டை விட்டுச் சென்றுவிட்டான். தந்தையோ வரும் சிறு வருவாயைக் குடியிலும் சூதிலும் தொலைப்பவர். நிலத்தில் உழைக்க ஆள் வேண்டியிருப்பதால் மெஹ்ரிகுல் பள்ளியை விட்டு நிற்க நேரிடுகிறது. பள்ளிக்குச் செல்லாத நாள்கள் பெருகப் பெருக, அவளைத் தொலைதூரத்து ஆலைக்கு அனுப்பும் வாய்ப்பும் பெருகுகிறது. அவள் திராட்சைக் கொடியால் முடைந்த கூடையொன்றைச் சந்தையில் காணும் அமெரிக்கப் பெண்மணி ஒருவர், எவரும் எதிர்பாராத தொகை கொடுத்து அதனை வாங்கி, மூன்று வாரத்தில் மீண்டும் வருவதாகவும் மேலும் கூடைகள் வேண்டுமெனவும் கூறிச் செல்கிறார். கழனி வேலையால் புண்ணாகிய கைகளோடும், தந்தையின் இகழ்ச்சிக்கிடையிலும், பாட்டனார் அளிக்கும் ஊக்கத்தால் அவள் அக்கூடைகளை முடைவதே கதை. ஆலை இந்நூலில் ஒரு நிழலாகவே நிற்கிறது. அவள் அங்குச் செல்வதில்லை. ஆயினும் ஒவ்வொரு பக்கத்திலும் அதன் அச்சம் படிந்திருக்கிறது.

இரண்டாம் நூலில் அந்நிழல் உருப்பெறுகிறது. பதினாறு வயதினளான ரோஷன், தன் குடும்பத்தின் நிலம் பறிபோகாமலிருக்கும் பொருட்டுச் சீனாவின் தென்பகுதியிலுள்ள ஆலைக்குச் செல்ல உடன்படுகிறாள். அங்கு நீண்ட வேலைநேரம், இழிவான நடத்துமுறை, உய்குர் இனத்தவள் என்பதற்கான ஏளனம் ஆகியவற்றுக்கு உள்ளாகிறாள். உடன் வந்த உய்குர்ப் பெண்களிடையே மலரும் தோழமையே அவளைத் தாங்கி நிற்கிறது.

2. கதைக்குப் பின்னாலுள்ள நிலம்

உய்குர் மக்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியொன்றைப் பேசுவோர், சமயத்தால் இஸ்லாமியர், தம் மொழியை அரபு வரிவடிவத்தில் எழுதுவோர். தக்லமக்கான் பாலைவனத்தைச் சுற்றியமைந்த காஷ்கர், யார்க்கந்து, கோத்தான் முதலிய சோலை நகரங்கள் இவர்களுடைய பழம்பெரும் இருப்பிடங்கள். சீன மக்கள் குடியரசு இப்பகுதியை 1955-இல் சிஞ்சியாங் உய்குர் தன்னாட்சிப் பகுதியாக அமைத்தது. சீனாவின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இது கொண்டுள்ளது. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கு வாழும் உய்குர் மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 16 இலட்சம் பேர்.

தென் சிஞ்சியாங்கின் சிற்றூர்களில் நிலம் குறைவு. நீர் அதனினும் குறைவு. அங்குள்ள உழவர்களில் ஒரு பகுதியினரை ‘மிகை உழைப்பாளர்’ என வகுத்து, கிழக்கு மாநிலங்களின் ஆலைகளுக்கு அனுப்பும் திட்டத்தை அரசு 2000-த்தை அடுத்த ஆண்டுகளில் விரிவுபடுத்தியது. அனுப்பப்பட்டவர்களுள் இளம்பெண்கள் பலர். எத்தனை பேரை அனுப்ப வேண்டுமென ஊர் அலுவலருக்கு இலக்குகள் விதிக்கப்பட்டன. வாஷிங்டனிலுள்ள உய்குர் மனித உரிமைத் திட்டம் என்னும் அமைப்பு, இளம்பெண்கள் இவ்வாறு அனுப்பப்படுவதைக் குறித்து 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏமாற்று, நெருக்கடி, மிரட்டல் என்னும் மூன்று சொற்களே அதன் தலைப்பில் இடம்பெற்றன. லா வேலியின் புதினங்கள் தோன்றிய சூழல் இதுவே. ரோஷனின் நிலத்துக்கு நேரும் ஆபத்து எழுத்தாளரின் வெறுங்கற்பனையன்று என்பதனை இதனின்று அறியலாம்.

இத்திட்டத்தின் பெயர் உலகச் செய்திகளில் முதன்முறையாகப் பரவலாக அடிபட்டது 2009-இல் ஆகும். குவாங்டோங் மாநிலத்துச் சாவ்குவான் நகரின் பொம்மை ஆலையொன்றுக்கு உய்குர்த் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் கொண்டுவரப்பட்டிருந்தனர். பெண்களை அவர்கள் மானபங்கப்படுத்தினர் என்னும் பொய்ச் செய்தி பரவ, ஜூன் 25-ஆம் நாள் இரவில் அவர்கள் தாக்கப்பட்டனர். இரு உய்குர்த் தொழிலாளர் கொல்லப்பட்டனர் என அரசு அறிவித்தது. இதற்கு நீதி கேட்டு ஜூலை 5-ஆம் நாள் தலைநகர் உரும்கியில் தொடங்கிய ஆர்ப்பாட்டம் இனக் கலவரமாக மாறிற்று. அரசுக் கணக்கின்படியே 197 பேர் மாண்டனர். ஓர் ஆலை விடுதியில் மூண்ட தீ, ஒரு பெருநிலப்பரப்பின் அரசியலையே மாற்றிவிட்டது.

3. சம்மதம் உருவாக்கப்படும் முறை

கட்டாய உழைப்பு என்பதற்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 29) தரும் இலக்கணம் இரு கூறுகளை உடையது. ஒன்று, ஏதேனும் ஒரு தண்டனையின் அச்சுறுத்தல் இருத்தல். மற்றொன்று, உழைப்பவர் தாமாக முன்வராதிருத்தல். இவ்விலக்கணத்தில் விலங்கோ சவுக்கோ கூலியின்மையோ குறிப்பிடப்படவில்லை என்பது கருதத்தக்கது. கூலி பெறுபவரும் கட்டாய உழைப்பாளராக இருக்கக்கூடும்.

ஆயினும் ‘அச்சுறுத்தல்’, ‘முன்வராமை’ ஆகிய இரண்டும் உள்ளத்துக்குள் நிகழ்பவை. அறிக்கை எழுதுவோர் ஆவணங்களைச் சேர்க்கலாம்; ஆலை மதிலின் உயரத்தை அளக்கலாம்; ஆனால் ‘சரி, போகிறேன்’ என்னும் சொல் ஒரு பெண்ணின் தொண்டையில் எவ்வாறு உருவாயிற்று என்பதை அளப்பது எங்ஙனம்? இங்கேயே புதினம் தன் பணியைத் தொடங்குகிறது. மெஹ்ரிகுலை எவரும் கட்டி இழுப்பதில்லை. பள்ளியிலிருந்து நின்றாள் என்னும் ஒரே செய்தி போதுமானதாக இருக்கிறது. ரோஷனையும் எவரும் அடிப்பதில்லை. அவள் மறுத்தால் துன்புறப்போவது அவளல்லள், அவளைப் பெற்றவர்கள் என்பது அவளுக்குத் தெரியும், அதுவே போதும். பிள்ளைகளின் அன்பே அவர்களைப் பூட்டும் விலங்காகிறது. அரசியல் சொற்களால் விளக்க முனைந்தால் பல பக்கம் வேண்டியிருக்கும் இவ்வுண்மையை, இளையோர் புதினம் வீட்டின் நடுக்கூடத்தில் வைத்துக் காட்டிவிடுகிறது. தலைவி அரசியல் அறியாதவளாக இருப்பது இங்குக் குறையாகவில்லை. வாசகரும் அவளோடு சேர்ந்தே, சொல்லப்படாத மிரட்டலைச் சிறிது சிறிதாக உணர்ந்து கொள்கின்றனர்.

இது கதையாசிரியரின் மிகைப்படுத்தல் என ஒருவர் ஐயுறலாம். அவ்வையத்துக்கு விடையாக, கதையல்லாத ஒரு சான்று உள்ளது. சீன அரசுத் தொலைக்காட்சி 2017-இல் தானே படம்பிடித்து ஒளிபரப்பிய செய்தித்தொகுப்பு அது. பி.பி.சி. நிறுவனம் 2021-இல் அதனை மீண்டும் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. தென் சிஞ்சியாங்கின் ஒரு சிற்றூரில், 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அன்ஹுய் மாநில ஆலைகளுக்கு ஆள்சேர்க்க அலுவலர்கள் செந்நிறப் பதாகையின்கீழ் அமர்ந்திருக்கின்றனர். இரண்டு நாள்கள் கழிந்தும் ஒருவரும் பெயர் கொடுக்க வரவில்லை. எனவே அவர்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். ஒரு வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி. தந்தைக்கு அவளை அனுப்ப விருப்பமில்லை. இங்கேயே இருந்தால் விரைவில் மணம் முடிந்துவிடும், பிறகு வெளியேறவே முடியாது என அலுவலர் எடுத்துரைக்கின்றனர். அவள் தலையை அசைத்து, போக மாட்டேன் என்கிறாள். அலுவலர் விடுவதாயில்லை. ஒளிப்படக் கருவியும் விலகவில்லை. முடிவில், மற்றவர்கள் போனால் தானும் போவதாக அழுதுகொண்டே கூறுகிறாள். புறப்படும் நாளில் தாயும் மகளும் கண்ணீர் வடிக்கின்றனர்.

இப்படத்தை எடுத்தவர்கள் அரசின் எதிரிகளல்லர். தம் திட்டத்தின் வெற்றியைக் காட்டவே எடுத்தனர். அவர்கள் பார்வையில், தயங்கிய பெண்ணொருத்தி அறிவுறுத்தலால் மனம் மாறினாள். அதே காட்சியைக் காணும் நமக்கோ, மறுப்பு மறுப்பாக ஏற்கப்படாத இடத்தில் சம்மதம் சம்மதமாக இருக்க முடியாது என்பது தெளிவாகிறது. ‘மாட்டேன்’ என்று சொல்லி வீட்டுக்குள் செல்ல வழி இருந்தால்தானே ‘சரி’ என்பதற்குப் பொருள் உண்டு?

4. லோவெல் நகரத்து ஆலைப் பெண்கள்: ஓர் ஒப்பீடு

ஊரைவிட்டு ஆலைக்குச் சென்ற இளம்பெண்களைப் பற்றிய கதைகள் இளையோர் இலக்கியத்துக்குப் புதியனவல்ல. அவற்றுள் புகழ்பெற்றது காத்தரின் பேட்டர்சன் 1991-இல் வெளியிட்ட ‘லிடி’ என்னும் புதினம். பேட்டர்சன், மிஷனெரிப் பெற்றோருக்கு 1932-இல் சீனாவில் பிறந்தவர். அப்புதினத்தின் தலைவி, 1840-களில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணையொன்றிலிருந்து குடும்பக் கடனைத் தீர்க்கும் பொருட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரின் பருத்தியாலைக்குச் செல்கிறாள். கடன், நிலம், பிரிந்த குடும்பம், இரைச்சலிடும் தறி, தோழியர் கூட்டம் என, லிடிக்கும் ரோஷனுக்கும் பொதுவானவை பல.

இவ்வொற்றுமையைக் கண்டு, தொழில்மயமாகும் ஒவ்வொரு நாடும் கடந்து செல்லும் கட்டமே இது என்று சிலர் முடிவு செய்யக்கூடும். வேற்றுமைகளையும் நோக்கினாலன்றி அம்முடிவு சரியாகாது. லோவெல் ஆலைகளில் வேலைநேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய பதின்மூன்று மணி. கூலி குறைக்கப்பட்டபோதும் விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டபோதும், அதாவது 1834-லும் 1836-லும், அப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1840 முதல் 1845 வரை ‘லோவெல் ஆஃபரிங்’ என்னும் இதழில் தம் கட்டுரைகளையும் கவிதைகளையும் தாமே எழுதி வெளியிட்டனர். பத்துமணி வேலைநேரம் கோரி மாநிலச் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். சாரா பாக்லி என்னும் ஆலைத் தொழிலாளி 1845-இல் சட்டமன்றக் குழுவின்முன் நேரில் சான்று பகர்ந்தார். கோரிக்கை அப்போது ஏற்கப்படவில்லை. மாசச்சூசெட்ஸில் பத்துமணிச் சட்டம் வர 1874 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனினும் அவர்களால் பேச முடிந்தது; கூடி நிற்க முடிந்தது; தாளாதபோது ஊர் திரும்ப முடிந்தது. விண்ணப்பத்தில் கையொப்பமிட்டால் வேலை போகும் என்பதே புதினத்தில் லிடியின் பெரிய அச்சம். கையொப்பமிடாவிட்டால் வீடே போகும் என்பது ரோஷனின் அச்சம்.

இவ்வொப்பீட்டினின்று மூன்று அளவுகோல்கள் நமக்குக் கிடைக்கின்றன. வேலைக்கு வர மறுக்க முடியுமா? வந்தபின் விலகிச் செல்ல முடியுமா? நடந்ததை வெளியே சொல்ல முடியுமா? இம்மூன்றனுள் ஒன்று இருந்தாலும் மற்ற இரண்டை அடைய வழி பிறக்கும். மூன்றும் இல்லாத இடத்தில், கூலி எவ்வளவாயினும், உழைப்பு தன் உரிமையை இழந்துவிடுகிறது.

இங்குப் பிறிதொன்றும் குறிப்பிடத்தகும். லோவெல் பெண்கள் நூற்ற பருத்தி, தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் விளைவித்த பருத்தி. அவர்கள் சுதந்தரமான குரலில் எழுதிய காலத்திலேயே, அவர்களுடைய நூலுக்குப் பஞ்சு தந்தவர்கள் எழுதக் கற்பதே பல தென் மாநிலங்களில் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. ஆடையின் ஒரு முனையில் குரலும் மறுமுனையில் மௌனமும் இருப்பது பழைய கதையே.

5. 2017-க்குப் பின்

‘ஆலைப் பெண்’ நூல் வெளிவந்த 2017-ஆம் ஆண்டே சிஞ்சியாங்கின் வரலாற்றில் ஒரு பிரிகோடாக அமைந்தது. அவ்வாண்டின் வேனிற்காலம் முதல் உய்குர் மக்களும் கசாக்கு முதலிய பிற முஸ்லிம் இனத்தவரும் பெருந்தொகையில் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வெண்ணிக்கை பத்து இலட்சத்துக்கும் மேலிருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர். தொழிற்பயிற்சி நிலையங்கள் என அவற்றை அரசு குறிப்பிட்டது. அவற்றில் இருந்தோர் அனைவரும் பயிற்சி முடித்துவிட்டனர் என 2019 டிசம்பரில் அறிவித்தது. முகாமிலிருந்து வெளிவந்தோரில் பலர் ஆலைகளுக்கும் வேறு பலர் சிறைகளுக்கும் அனுப்பப்பட்டனர்.

ஆஸ்திரேலிய உத்திக் கொள்கை நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, 2017-க்கும் 2019-க்கும் இடையில் 80,000-க்கும் மேற்பட்ட உய்குர் மக்கள் சிஞ்சியாங்குக்கு வெளியேயுள்ள ஆலைகளுக்கு மாற்றப்பட்டதாக மதிப்பிட்டது. தனி விடுதிகள், வேலைநேரத்துக்குப் பின் சீனமொழி வகுப்பும் கொள்கை வகுப்பும், இடைவிடாத கண்காணிப்பு, வழிபாட்டுத் தடை ஆகியன அவ்வாழ்வின் கூறுகளாக அதில் குறிக்கப்பட்டன. உலகப் புகழ்பெற்ற 82 வணிகப் பெயர்கள் இத்தகைய ஆலைகளோடு தொடர்புடையனவாக அதில் சுட்டப்பட்டன. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2022 ஆகஸ்டு 31-இல் வெளியிட்ட மதிப்பீடு, சிஞ்சியாங்கில் நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்றும், வேலைவாய்ப்புத் திட்டங்களில் கட்டாயத்தின் கூறுகள் காணப்படுகின்றன என்றும் கூறியது.

இப்பின்னணியில் நோக்கினால், லா வேலியின் கதைகள் சித்திரித்த அச்சம் ஒரு தொடக்கமே என்பது புலனாகும். ரோஷனின் காலத்தில் மறுப்புக்கு விலை நிலம். 2017-க்குப் பின்னரோ, அரசின் திட்டத்தை ஏற்க மறுப்பதே தீவிரவாத மனப்பான்மையின் அறிகுறியாகக் கொள்ளப்படலாம் என்னும் நிலை ஏற்பட்டது. அதன் விலை முகாம்.

6. எதிர்வாதமும் அதன் எடையும்

சீன அரசின் விளக்கத்தையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். இத்திட்டங்கள் வறுமை ஒழிப்புக்கானவை. உழைப்போர் தம் விருப்பத்தால் ஒப்பந்தம் செய்கின்றனர். அவர்களுடைய வருவாய் உயர்ந்துள்ளது என்பது அதன் நிலைப்பாடு. 2014 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சராசரியாக ஏறக்குறைய 12.9 இலட்சம் பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதாக அரசின் 2020-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை கூறிற்று. கட்டாய உழைப்பைக் குறித்த 29, 105 ஆகிய எண்களுடைய உடன்படிக்கைகளையும் சீனா 2022-இல் ஏற்றுக்கொண்டது.

தென் சிஞ்சியாங்கின் வறுமை உண்மையானது. வெளியூர் சென்று பொருளீட்ட விரும்பிய இளையோரும் அங்கு உண்டு. வீட்டின் கட்டுப்பாட்டினின்று விலகி உலகைக் காணத் துடித்த பெண்களும் இருந்திருப்பர். புதினமும் இதனை மறைப்பதில்லை. மெஹ்ரிகுலின் துன்பத்தில் ஒரு பகுதி, குடிக்கு அடிமையான தந்தையினாலேயே வருகிறது. எனவே, சென்றவர் ஒவ்வொருவரும் கட்டாயத்தால் சென்றவரே எனக் கூறுவது மிகையாகும்.

ஆனால், சிக்கல் இவ்விடத்திலேயே இருக்கிறது. விரும்பிச் சென்றவரையும் விருப்பமின்றிச் சென்றவரையும் பிரித்தறியும் வழியை அச்சம் அடைத்துவிட்டது. ஆலையில் ஒரு பெண்ணிடம் சென்று, நீ விரும்பித்தான் வந்தாயா என வினவினால், அவள் தரக்கூடிய விடை ஒன்றே. இந்நிலையில் நம்பத்தகுந்த ஆய்வு நடத்த இயலாது எனக் கண்டு, ஆலைகளைச் சமுதாய நோக்கில் தணிக்கை செய்யும் நிறுவனங்கள் பல 2020-இல் சிஞ்சியாங்கிலிருந்து விலகின. அமெரிக்காவில் 2022 ஜூன் 21-இல் நடைமுறைக்கு வந்த உய்குர்க் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டமும் இதே தருக்கத்தின்மீது அமைந்ததாகும். சிஞ்சியாங்கில் முழுவதுமாகவோ பகுதியாகவோ உருவான பொருள் கட்டாய உழைப்பால் ஆனது என்றே அது முதலில் கொள்கிறது; அங்ஙனமன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பை இறக்குமதி செய்வோர்மீது சுமத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய விதி, எந்நாட்டுக் கட்டாய உழைப்பாயினும் அதனால் ஆன பொருளின் விற்பனையைத் தடை செய்கிறது. அது 2027 டிசம்பர் 14 முதல் செயற்படும்.

7. எழுத வேண்டியவர் யார்?

இப்புதினங்களின் வரம்பையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். உய்குர்ப் பெண்ணின் கதையை அமெரிக்கப் பெண்மணி ஒருவர் ஆங்கிலத்தில், ஆங்கிலம் படிக்கும் இளையோருக்காக எழுதியிருக்கிறார். முதல் நூலில் மெஹ்ரிகுலின் மீட்சிக்கான நம்பிக்கையும் ஓர் அமெரிக்கப் பயணியின் கைப்பையிலிருந்தே வருகிறது. வாசகர் தம்மை அப்பயணியின் இடத்தில் வைத்து மனநிறைவு கொள்வதற்கு இது வழிவகுக்கிறது என்று குறை கூறினால் அது நியாயமானதே. கூடைக்கு மிகுதியாகப் பணம் தருபவரும், ஆலை தைத்த ஆடையை மலிவாக வாங்குபவரும் ஒரே சந்தையைச் சேர்ந்தவர்கள். முதலாமவரைக் கதை அன்போடு காட்டுகிறது, இரண்டாமவரைக் காட்டவில்லை.

ஆயினும், உய்குர் எழுத்தாளர் ஏன் இக்கதையை எழுதவில்லை என வினவுவோர், எழுதியவர்களுக்கு நேர்ந்ததையும் அறிதல் வேண்டும். நூர்முஹம்மது யாசின் 2004-இல் காஷ்கர் இலக்கிய இதழொன்றில் ‘காட்டுப்புறா’ என்னும் சிறுகதையை வெளியிட்டார். கூண்டில் அகப்பட்ட புறாவைப் பற்றிய அக்கதைக்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. புதின ஆசிரியர் பெர்ஹத் துர்சுன் 2018-இல் காணாமற்போனார். அவருக்குப் பதினாறு ஆண்டுச் சிறை என்னும் செய்தி பின்னர் வெளிவந்தது. பொருளியலாளர் இல்ஹாம் தோத்தி 2014-இல் ஆயுள் தண்டனை பெற்றார். உய்குர் நாட்டுப்புறவியல் அறிஞர் ரஹிலே தாவுத் அம்மையாரின் ஆயுள் தண்டனை 2023-இல் உறுதியாகத் தெரியவந்தது.

இளையோர் நூல்களைப் பற்றிப் பேசும் நாம் சிறப்பாகக் கருத வேண்டியது, பள்ளிப் பாடநூல்களைத் தொகுத்தவர்களின் நிலையாகும். பல ஆண்டுகள் அரசின் ஒப்புதலோடு பயன்பட்டு வந்த உய்குர் மொழிப் பாடநூல்கள் பிற்காலத்தில் பிரிவினை நூல்களாகக் கருதப்பட்டன. அவற்றின் தொகுப்பில் பங்குகொண்ட திறனாய்வாளர் யால்குன் ரோசிக்கு 2018-இல் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கல்வித்துறையின் முன்னாள் தலைவர் சத்தார் சாவுத்துக்கு இரண்டாண்டு நிறுத்திவைப்புடன் கூடிய மரண தண்டனை அளிக்கப்பட்டதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. தம் இனத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் கதை தொகுத்தவர்களுக்கே இக்கதியாயின், ஆலைக்கு அனுப்பப்பட்ட பெண்ணின் கதையை அங்கிருந்து எழுதுபவர் யார்?

ஆகவே, லா வேலியின் நூல்களை உய்குர்ப் பெண்களின் குரல் என ஏற்பதும் பிழை. அயலார் எழுத்து என ஒதுக்குவதும் பிழை. அக்குரல் ஒலிக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது என்பதற்கு அவை அடையாளமாக நிற்கின்றன. தாயகத்தை விட்டு வெளியேறிய உய்குர் எழுத்தாளர் சிலர் அவ்விடத்தை நிரப்பத் தொடங்கியுள்ளனர். கவிஞர் தாஹிர் ஹமுத் இஸ்கிலின் நினைவுக்குறிப்பு நூல் 2023-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தமை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எனினும், ஆலைப் பெண்ணொருத்தி தன் மொழியில், தன் வயதினருக்காகத் தானே எழுதும் புதினமே நாம் காத்திருக்கும் நூலாகும்.

8. முடிவுரை

சிஞ்சியாங், சீனாவின் பருத்தியில் 85 விழுக்காட்டுக்கும் மேலாகவும், உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் விளைவிக்கிறது. அப்பஞ்சு நூலாகி, துணியாகி, பல நாடுகளில் ஆடையாகத் தைக்கப்பட்டுக் கடைகளுக்கு வருகிறது. எனவே இது எங்கோ ஒரு பாலைவனத்து ஓரத்தில் நிகழும் செய்தி என ஒதுங்கியிருக்க எந்நாட்டவராலும் இயலாது.

இவ்விரு புதினங்களும் இளம் வாசகருக்குத் தருவது இரக்கம் மட்டுமாயின் அது விரைவில் வற்றிவிடும். ‘சரி’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் அமைதியடையாமல், ‘மாட்டேன்’ எனச் சொல்ல அவளுக்கு வழி இருந்ததா என வினவும் பழக்கத்தை அவை கற்பிக்கின்றன. அப்பழக்கம் ஆலை வாயிலோடு நிற்பதன்று. பள்ளியை விட்டு நிறுத்தப்படும் மகளிடமும், மணத்துக்கு இசைவு கேட்கப்படும் பெண்ணிடமும், கூலியை உயர்த்திக் கேட்க அஞ்சும் ஏழையிடமும் நாம் பெறும் சம்மதங்களை அதே வினா சோதிக்கும். பதினான்கு வயதில் இவ்வினாவைக் கேட்கக் கற்றவர், நாற்பது வயதில் அலுவலராகவோ முதலாளியாகவோ அமரும்போது, கையொப்பத்தைப் பெறுமுன் எதிரே நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து நோக்குவார். இலக்கியத்திடம் நாம் எதிர்பார்க்கத்தக்க பயன்களுள் இது சிறியதன்று.